நடுவில் பதினான்கு பக்கம்

ஊரார் துணிக்கெல்லாம் மடிப்பு அடித்துக் கொடுக்கிறவள் வீட்டில், கட்டின புருஷன் பேண்ட்டுக்கு ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனால் தெரு சும்மா இருக்குமா? வலது கால், கீழ்மடிப்பு பிரிந்து தொங்குகிறது, அதில் ஒரு ஊக்கு. முதல் நாள், அவசரத்தில் குத்தியிருப்பார் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டோம். மூன்றாம் நாளும் அதே ஊக்கு. ஒரு வாரம் ஆனதும் எதிர்வீட்டு அம்மாள், "தையலக்கா, கையில ஏதாவது சுளுக்கா?" என்று விசாரிக்கவே போய்விட்டாள். சுளுக்கெல்லாம் இல்லை. அன்றைக்கு மட்டும் பதினோரு பேண்ட்டும் ஒரு திரைச்சீலையும் தைத்துக் கம்பியில் மாட்டியிருந்தாள்.

பத்தொன்பது நாள் இருந்தது அந்த ஊக்கு. அதற்குக் காரணம் ஒரு படிப்பு விண்ணப்பம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

தையலக்காவின் புருஷன் லிஃப்ட்டுக்காரருக்கு ஐம்பத்துநான்கு வயது. முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். உடம்பில் எப்போதும் கிரீஸ் வாசனை, சட்டைப் பையில் டெஸ்டர், மறு பையில் ஒரு புத்தகம். மெஷின் ரூமில் உதிரி பாகம் வரக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற மெக்கானிக்குகள் தூங்குவார்கள், இவர் படிப்பார். படித்துப் படித்து, அஞ்சல் வழியில் ஆறு வருஷம் இழுத்து, தத்துவத்தில் எம்.ஏ. வாங்கிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றார். "தத்துவத்துல டாக்டர்னா ஊசி போடுவாரா?" என்று தெருவில் ஒவ்வொருவரும், தானே முதன்முதலாகக் கண்டுபிடித்ததுபோல, அவரவர் பங்குக்கு ஒருமுறை கேட்டுத் தீர்த்தோம். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்கூடப் போனில், "அப்பா, ரிட்டயர் ஆகப்போறவங்க செடி வளப்பாங்க, இல்ல ஷுகர் வளப்பாங்க. நீங்க என்னப்பா?" என்று சிரித்தாளாம்.

இந்த ஆசையைக் கிளப்பியவர் தத்துவத் துறைப் பேராசிரியை. போன வருஷம் அந்தத் துறைக் கட்டடத்து லிஃப்ட்டில் இரண்டு மாடிக்கு நடுவே நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று ஒரு கையால் வேலை பார்த்துக்கொண்டே, உள்ளே இருப்பவர் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார். வழக்கமாக மழை, விலைவாசி என்றுதான் பேசுவார். அன்றைக்குப் பேச்சு எங்கெங்கோ போயிற்று. கதவு திறந்ததும் வெளியே வந்த அம்மாள் மூச்சுகூட வாங்காமல், "இப்ப சொன்னீங்களே, அதை எழுதிட்டு வாங்க. பரிந்துரைக் கடிதம் நான் தர்றேன்" என்றாராம்.

தையலக்கா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு முன்னறைதான் அவள் கடை. 'ஆல்ட்ரேஷன் மட்டும்' என்று பலகை. புதுத்துணி தைக்கமாட்டாள், பெரிசைச் சிறிசாக்குவாள், சிறிசைப் பெரிசாக்குவாள். கழுத்தில் டேப், உதட்டில் குண்டூசி, வாயைத் திறக்காமலேயே பேசும் வித்தை. அவளிடம் ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு மிச்சத் துணி இருந்தாலும் வெட்டி எறியக்கூடாது; மடித்து உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். "இன்னைக்கு இளைச்சவன் நாளைக்குக் குண்டாவான். பிரிச்சு விடத் துணி வேணாமா?" என்பாள்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஆரம்பித்தது சங்கடம். சாயங்காலம். வெளியே மழை பிடித்து இரண்டாம் நாள். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. முட்டையை உடைத்து ஊற்றக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் அக்கா. அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்து நாலு பக்கம்" என்றார்.

"அவங்க கேட்டது?"

"இருபது. மாதிரிக் கட்டுரை இருபது பக்கத்துக்கு மேல போகக் கூடாதாம்."

"பதினாலு குறைச்சாப் போச்சு. இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஒரு வரி எடுத்தாலும் நிக்காதும்மா."

"நாப்பத்திரண்டு இடுப்பை முப்பத்தாறாக்கித் தர்றேன், பேண்ட் நிக்குதே."

"பேண்ட்டும் இதுவும் ஒண்ணா?"

"ரெண்டும் ஆளு உள்ள போறதுக்குத்தானே?" முட்டையை உடைத்தாள். "அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க அதுல?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "இல்லாத ஒண்ணைக் கண்ணால பாக்க முடியுமாங்கிறதைப் பத்தி."

"இல்லாததை எப்படிப் பாக்குறது?"

"இப்ப நீ கடைக்குள்ள போறே. மேசையைப் பாக்குறே. கத்தரிக்கோல் இல்ல. 'இல்ல'ங்கிறதைப் பாத்தியா? இல்ல, கத்தரிக்கோலைப் பாக்கல, அவ்வளவுதானா? ரெண்டும் வேற வேற."

"கத்தரிக்கோலை யாரு எடுத்தாங்கன்னு பாத்தேன். போன வாரம் வயர் வெட்ட நீங்கதான் கொண்டுபோனீங்க. முனை மழுங்கிப் போய்த் திரும்பி வந்துச்சு."

சாதாரணமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அவர் சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தட்டில் வைத்த முட்டை ஆறும்வரை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு அதுகூடவா தெரியாது? உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு கல்யாணக் கோட்டு கொடுக்க வேண்டியிருந்தது. உறுத்தலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இங்கே அக்காவின் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருமுனையில் டைப்பிங்கும் ஜெராக்ஸும் போடுகிற கடை அவனுடையது. நாற்பத்தைந்து வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. செயற்கைக் காலைக் கழற்றி மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு டைப் அடிப்பான். "ஒரு பக்கம் கலர் ஜெராக்ஸ் போடுப்பா" என்று அவசரப்படுத்தினால், "இருங்க, கால் இப்பதான் வெளிய போயிருக்கு" என்பான். அவன் பேண்ட் எல்லாம் அக்கா தைத்தது. வலது காலில் மட்டும் உள்பக்கம் திறந்து மூட வசதி இருக்கும்.

அவனும் முன்பு லிஃப்ட் மெக்கானிக்தான். அக்கா புருஷனுக்கு, அதாவது அவனுடைய மாமாவுக்குக் கூட்டாளி; மாமா அவனை 'மாப்ள' என்பார். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் ஒருவர் மேலே மெஷின் ரூமில், ஒருவர் கீழே குழியில். கீழே ஆள் இருக்கும்போது மேலே மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அதற்காக அவர்களிடம் ஒரு வழக்கம். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கியில் தன் துணியை மாட்ட வேண்டும். மாட்டியவன் கைதான் கழற்ற வேண்டும். எமனே வந்து கேட்டாலும் அடுத்தவன் துணியைத் தொடக்கூடாது. கொக்கியில் ஒரு துணி இருந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. அந்தத் துணிகளைத் தைத்துக் கொடுத்தவள் அக்கா. புருஷனுக்குச் சிவப்பு, தம்பிக்கு மஞ்சள்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒருநாள், தம்பி குழிக்குள் இருந்தான். மேலே மாமா வேலையை முடித்து, தன் சிவப்புத் துணியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் இறங்கிவிட்டது. மஞ்சள் துணி கொக்கியில் இருக்கவில்லை என்றார் மாமா. ரெஜிஸ்டரில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். மாடிக்கும் குழிக்கும் ஓடிய கூட்டத்தில் அந்தத் துணி யார் காலில் ஒட்டிக்கொண்டு போனதோ, கடைசிவரை அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்த தம்பி, "நான்தான் மாட்ட மறந்துட்டேன்" என்றான். அத்தோடு விசாரணை முடிந்தது. தெருவும் 'பாவம், மறதிக்கு ஒரு காலைக் கொடுத்தான்' என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. பதினோரு வருஷமாக அந்தக் குடும்பம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் குடியிருந்தது. நன்றாகத்தான் குடியிருந்தது.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை; மாலை ஐந்து மணியோடு இணையத்தில் ஏற்றுவது முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மழைக்கு ஐந்தாம் நாள். மழை விடாமல் பெய்தால் லிஃப்ட் குழியெல்லாம் கிணறாகிவிடும். விடியும் முன்பே அவர் போன் அலற ஆரம்பித்தது. ஏழு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஒன்றில் நோயாளி ஒருவர் ஆறாம் மாடியில் இறங்க வழியில்லாமல் இருக்கிறார். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே நின்றவரிடம் அக்கா கேட்டாள்:

"விண்ணப்பப் பாரத்தை யாரு அனுப்புறது?"

"எல்லாம் மாப்ள கம்ப்யூட்டர்ல இருக்கு. கட்டுரை மட்டும்தான் பாக்கி."

"எந்தப் பதினாலை எடுக்கணும்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"நேத்து முழுக்க உக்காந்து பாத்தேன். என்னால முடியல." பூட்ஸின் வாரை இழுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "குறைக்கிறதுதானே உன் தொழிலு. நீயே பாத்துக் குறைச்சுடு."

"நானா? எனக்கு அதுல தலையும் தெரியாது வாலும் தெரியாது."

"தெரியும்" என்றார். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றரை மணிக்குக் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குடையும் கழுத்து டேப்புமாக அக்கா தம்பி கடைக்குப் போனாள். மழைக்கு வாடிக்கையாளர் யாருமில்லை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் மேசைக்கடியில் பேட்டரிப் பெட்டி கீச்சென்று கத்தியது. தம்பி முப்பத்துநான்கு பக்கத்தையும் அச்செடுத்து அடுக்கி வைத்திருந்தான்.

"வாக்கா. உக்காரு. கால் மேல குடையைச் சாய்க்காத, துரு பிடிக்கும்."

"மாமாவுக்குப் போன் போட்டியா?"

"நாலு தடவை. குழிக்குள்ள இருக்காரு போல. சிக்னல் எங்கருந்து வரும்?" காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். "கணக்கு ரொம்பச் சுலபம்க்கா. முதல் பதினாலு பக்கம், இந்த விஷயத்தைப் பத்திப் பெரியவங்க யாரு யாரு என்னென்ன சொன்னாங்கன்னு. நடுவுல பதினாலு பக்கம், மாமா சொந்தமா எழுதினது. கடைசி ஆறு பக்கம் முடிவு. நடுவுல இருக்கறதை எடுத்துட்டா சரியா இருபது. நான் எடுத்து வச்சுட்டேன். நீ ம்னு சொன்னா ஏத்திடலாம்."

"ஏன் நடுவு? முன்னாடி எடுத்தாலும் இருபதுதானே?"

"பல்கலைக்கழகத்துக்கு அதுதாங்க்கா வேணும். எத்தனை புஸ்தகம் படிச்சிருக்கான்னுதான் பாப்பாங்க."

சொல்லும்போது அவன் பேட்டரிப் பெட்டியைக் குனிந்து பார்த்தான். அது அப்போது கத்தவில்லை. அக்கா இதைக் கவனித்தாள். பேண்ட் சின்னதாகிவிட்டது என்று கொண்டுவருகிறவன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதை முப்பது வருஷமாகப் பார்த்தவள்.

"அளவு பாக்காம நான் எதையும் எடுக்கறதில்ல" என்று சொல்லி, பதினைந்தாம் பக்கத்தை எடுத்தாள்.

தையல் பில்லும் மருந்துச் சீட்டும் தவிர வேறெதுவும் அவள் படித்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கப் படிப்பு தேவைப்படவில்லை. மெஷின் ரூமில் சுவிட்சு எந்தச் சுவரில், கொக்கிகள் எத்தனை அங்குல இடைவெளியில், ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் என்றெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதுவதுபோலவே எழுதியிருந்தார். பிறகு இப்படி வந்தது:

'மஞ்சள் துணி தொங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். துணி இல்லை என்பதை நான் பார்த்தேனா? அல்லது துணியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதானா? என் சிவப்புத் துணியைக் கழற்றியது கைக்கு நினைவிருக்கிறது. பக்கத்துக் கொக்கியின் மேல் என் கண் பட்டதா என்பது நினைவில் இல்லை. பார்க்கவில்லை என்பதை, இல்லை என்று பார்த்ததாக எழுதிவிட்டேன். முப்பது வருஷத்தில் காரணம் புரியாத இடங்களில் எல்லாம் தெரியவில்லை என்றே எழுதியவன் நான். எழுதாதது அந்த ஒரு இடத்தில்தான்.'

அது உண்மை. ரெஜிஸ்டரில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவதற்காகவே கம்பெனியில் பல தடவை திட்டு வாங்கியவர் அவர். வாடிக்கையாளர் என்ன நினைப்பார், ஏதாவது ஒரு காரணத்தை எழுதித் தொலையேன் என்பார்கள். மாட்டேன் என்பார். அந்தப் பிடிவாதத்தில் அக்காவுக்கு வெளியே சொல்லாத பெருமை ஒன்று உண்டு.

பதினான்கு பக்கத்தையும் படித்து முடித்தாள். மணி நாலேகால். காகிதத்தை விளிம்பு சேர்த்துத் தட்டி அடுக்கினாள்.

"இதை நீ படிச்சியா?"

"டைப் அடிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியாக்கா இது?"

"அன்னிக்கு மாட்டினியா, இல்லியா?"

தம்பி செயற்கைக் காலை இழுத்து மாட்ட ஆரம்பித்தான். எங்கேயும் போகப்போவதில்லை, சும்மா மாட்டினான்.

"உன்னைத்தாண்டா கேக்குறேன்."

"தெரியாதுக்கா."

"நான்தான் மறந்தேன்னு சொன்னியே. பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கியே!"

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சேன். இந்தப் பக்கம் நீ நிக்கிற, அந்தப் பக்கம் மாமா நிக்கிறாரு. யாராவது ஒருத்தர் மறந்திருக்கணும்ல. எனக்குக் கால்தான் போயிருந்துச்சு. மாமான்னு சொல்லியிருந்தா உனக்கு வீடு போயிருக்கும். அதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிடுச்சு. தினமும் மாட்டுற துணி. நேத்து மாட்டினதா, அன்னிக்கு மாட்டினதான்னு எப்படிக்கா பிரிக்கிறது?"

"இதை டைப் அடிக்கும்போது மாமா பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு. இந்த ஸ்டூல்லதான்."

"ஒண்ணும் பேசிக்கலயா?"

"இருபத்தோராம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்குன்னாரு. திருத்தினேன்."

அக்காவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"ரெண்டு பேரும் சேந்து நல்லாத்தான் தச்சிருக்கீங்க. மடிச்சு, உள்ள வச்சு, மேல இஸ்திரி போட்டு. தொழில்காரி எனக்கே தையல் தெரியல பாரு."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. அந்தப் பக்கமெல்லாம் வேணாம். மாமா கையெழுத்துப் போட்ட ரெஜிஸ்டரே தப்புன்னு அவரே எழுதியிருக்காரு. கம்பெனிக்காரன் கண்ணுல பட்டா வேலைக்கே வேட்டு."

"உங்க கம்பெனிக்காரன் தத்துவம் படிக்கிறானா?"

"படிக்கமாட்டான்..."

"அப்ப முன்னாடி இருக்கிற பதினாலை எடு."

"அது பெரியவங்க சொன்னதுக்கா!"

"அதெல்லாம் லைனிங். கோட்டு பெருசா இருந்தா லைனிங்கை எடுப்பாங்களா, முதுகுத் துணியை எடுப்பாங்களா? இதுதான் முதுகு. என் காதுல சொல்ல முடியாததைத்தானே எழுதியிருக்காரு? போகட்டும். பல்கலைக்கழகமே உக்காந்து படிக்கட்டும். எடுடா."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு விசைப்பலகையைப் பார்த்தான். முதல் பதினான்கு பக்கத்தைத் திரையில் கறுப்பாக்கித் தேர்ந்து, அழிக்கப்போன விரலை அக்கா பிடித்தாள்.

"வெட்டி எறியாத. தனியா எடுத்து வை. நாளைக்குப் பிரிச்சு விட வேண்டி வரும்."

நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் ஏறியது. பேட்டரிப் பெட்டி ஒரு கீச்சுக் கீச்சிவிட்டு அணைந்தது. இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் போன ஒரு புண்ணியவான், கடை சாத்திவிட்டதென்று நினைத்து, நனைந்துகொண்டே திரும்பிப் போனார்.

அவர் வீடு வந்தபோது மணி ஆறரை. தொடைவரை சேறு. ஏணியில் இடறி, வலது காலில் பேண்ட் மடிப்பு பிரிந்து பூட்ஸுக்கு மேல் தொங்கியது. வாசலிலேயே நின்று கேட்டார்:

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எதை எடுத்தே?"

"முன்னாடி பதினாலு."

அவர் பூட்ஸைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். சேற்றுத்தண்ணீர் படி படியாக இறங்கியது. அவள் துடைக்கப் போகவில்லை.

"நடுவுல?"

"அப்படியே இருக்கு."

"படிச்சியா?"

"படிக்காம எப்படி அளவெடுக்குறது?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தெருவுக்கும் தேவலை. நாங்கள் ஜன்னலை இவ்வளவு திறக்க வேண்டியிருந்திருக்காது. "நான் படிக்கணும்னுதானே என்கிட்ட குடுத்துட்டுப் போனீங்க?"

அவர் பூட்ஸ் வாரை அவிழ்க்கக் குனிந்தார்.

"பொண்டாட்டிகிட்ட வாயால சொல்ல முடியாததை, முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குப் பாரம் போட்டுச் சொல்லுவீங்க. அதுக்கு எம்.ஏ. வேற. ஆறு வருஷம். மெஷின் ரூம்ல உக்காந்து படிச்சது எல்லாம் இதுக்குத்தானா?"

"ஆமா."

அவள் அந்த 'ஆமா'வை எதிர்பார்க்கவில்லை.

"சொல்லுங்க. மஞ்சத் துணி இருந்துச்சா, இல்லியா?"

"தெரியல."

"பதினோரு வருஷமா 'இல்ல'ன்னீங்களே?"

"இல்லன்னு பாத்தேன்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாள் கொக்கியை நெனச்சுப் பாத்தா, கொக்கியே ஞாபகத்துல இல்ல. வெறும் சுவர்தான் இருக்கு." கைகளைப் பார்த்தார். "மாப்ள தானே மறந்தேன்னு சொன்னப்ப, எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. அதுதான் எனக்கு ஆறல."

அக்கா உள்ளே போய்விட்டாள். அன்றைக்கும் முட்டைதான். அவர் தட்டில் வைத்தாள், மூடியும் வைத்தாள். பேசவில்லை.

அதன் பிறகுதான் ஊக்கு. சோறு நேரத்துக்கு வந்தது, துணி துவைத்து வந்தது, ரப்பர் பூட்ஸ்கூட கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டது. ஆனால் பிரிந்த மடிப்பை மட்டும் அவள் தொடவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலை, அவள் ஊக்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, அவள் பார்க்கவே குனிந்து குத்திக்கொண்டு போனார். தெருவில் அவரவருக்குத் தெரிந்தபடி காரணம் சொன்னோம். டாக்டருக்குப் படிக்கப்போகிற ஆணவம் என்றார் ஒருவர். அக்காவுக்குப் பொறாமை என்றாள் எதிர்வீட்டு அம்மாள். தம்பி கடையில் போய்த் துருவினோம். "எனக்கு ஒரு காலைப் பத்தித்தாங்க தெரியும், மாமா காலைப் பத்தித் தெரியாது" என்று அவன் வழக்கம்போலச் சிரித்தான். ஆனால் அவன் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு வாரம் வரவில்லை. எட்டாம் நாள் அவளே சோற்றுப் பாத்திரத்தோடு கடைக்குப் போனாள். அவன் சாப்பிடும்வரை நின்றாள். "கால் போன அன்னிக்குக் காலையில நீ என்ன சாப்பிட்டேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றான். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. தபால்காரர் அக்கா கடையில் கொடுத்தார். புருஷன் பேருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கலாமா என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. தையல் பிரிக்கிற கத்தியால் ஒரே கீறலில் பிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வரவும் என்றிருந்தது. கீழே இன்னொரு வாக்கியம்: 'தங்கள் மாதிரிக் கட்டுரையில் முன்னோர் கருத்துகள் பற்றிய பகுதி இல்லை என்பதைக் குழு கவனித்தது. அப்பகுதியையும் நேர்காணலுக்குக் கொண்டு வரவும்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை உதட்டிலிருந்த குண்டூசியை எடுத்து ஊசி மெத்தையில் குத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாள் இதை நேரில் பார்த்தவள்; இரண்டில் எது முதலில் வந்தது என்று மட்டும் அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

மாலை அவர் வந்ததும் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அவர் நின்றுகொண்டே படித்தார்.

"பாத்தீங்களா?" என்றாள். பத்தொன்பது நாளில் முதல் பேச்சு. "இல்லாததைக் கண்ணால பாக்க முடியுமான்னு எழுதி அனுப்பினீங்க. அவங்க பாத்தே சொல்லிட்டாங்க, பதினாலு பக்கம் இல்லன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாடையைத் தடவினார்.

"அவங்க தேடினாங்கம்மா. அங்க இருக்கணும்னு தேடினாங்க, அதான் இல்லன்னு தெரிஞ்சுது. நான் அன்னிக்குத் தேடல."

அடுப்பைச் சின்னதாக்கினாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் பதினாலும் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கு. மடிச்சு வைக்கச் சொன்னேன். பிரிச்சு விட்டுக்கலாம்."

"சரி."

"அந்தப் பேண்ட்டைக் கழட்டிக் குடுங்க."

"எது?"

"ஊக்கோடயா பல்கலைக்கழகத்துக்குப் போவீங்க? உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பொண்டாட்டி தையல்காரியாம்னு என்னைத்தான் சிரிப்பாங்க."

கழற்றிக் கொடுத்தார். அவள் மெஷினில் உட்காராமல், ஊசியில் நூல் கோத்துக் கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். அவர் லுங்கியோடு எதிரே நின்றார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள், தலை நிமிராமல்.

"நெனைக்கல."

"மன்னிக்க மாட்டேன்னும் சொல்லல."

"ம்."

"தெரியல."

அவர் தலையசைத்தார். அந்த வார்த்தையை அவர் அளவுக்கு மதிக்கிறவர் ஊரில் வேறு யாரும் கிடையாது.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும்போது தெரு முழுக்கப் பார்த்தது. ஊக்கு இல்லை. 'ஊடல் தீர்ந்தது' என்று பால்காரர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்து, அதோடு அந்த விஷயத்தை மூடி அடுத்த வீட்டைப் பார்க்கத் திரும்பினோம்.

பதினான்கு பக்கத்தை வாங்க அவர் மச்சான் கடைக்குள் போனார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றவரின் பேண்ட் மடிப்பு, செயற்கைக் காலை எடுக்கக் குனிந்த தம்பியின் கண்ணுக்கு நேரே வந்தது. அக்கா தைத்த துணியைப் பதினோரு வருஷமாக உடுத்துகிறவன் அல்லவா, கிட்டத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மெஷின் தையல் இல்லை. விரலளவு இடைவெளியில் ஓட்டுத் தையல். அளவு பார்க்கும்போது துணி நிற்பதற்காகத் தற்காலிகமாகப் போடுவது; முடிச்சுகூடப் போட்டிருக்கவில்லை.

"மாமா," என்றான் மெதுவாக, காகிதத்தை நீட்டிக்கொண்டே. "ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கு. ஒரு இழுப்புல வந்துடும். பாத்து நடங்க."

"தெரியும் மாப்ள" என்றார் லிஃப்ட்டுக்காரர். கதவு நிலையில் மடிப்பு மாட்டிவிடாமல், காலைத் தூக்கி வைத்து வெளியே இறங்கினார்.